மும்பைப் புறநகர் ரயில்: நெரிசலும் மூடிய பெட்டிகளும்

மும்பைப் புறநகர் ரயில் என்பது மும்பை மாநகரையும், அதன் வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்துள்ள தானே, கல்யாண், விரார், பன்வேல் முதலிய ஊர்களையும் இணைக்கும் மின்சார ரயில் சேவை ஆகும். அங்கு வாழும் மக்கள் இதை ‘லோக்கல்’ என்றே அழைப்பர். உலகின் மிக நெரிசலான ரயில் சேவைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

நெரிசல் என்றவுடன் வண்டிகள் போதவில்லை என்ற எண்ணமே நமக்கு வரும். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. ஒரே வண்டியின் ஒரு பெட்டியில் மூச்சுவிட இடமில்லாமல் மக்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். அடுத்த அறையில் காலை நீட்டி நிற்க இடம் இருக்கும். காரணம், அந்த அறை சிலருக்கு மட்டும் திறந்தும் மற்றவர்களுக்கு மூடியும் இருப்பது. வண்டிக்குள் இருக்கும் இடம் எவ்வாறு பங்கிடப்படுகிறது, அதனால் நெரிசலின் சுமை யார் மீது விழுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று மும்பை போரி பந்தரிலிருந்து தானே வரை ஓடியது. தொலைவு 34 கிலோமீட்டர். 1925 பிப்ரவரி 3 அன்று நாட்டின் முதல் மின்சார ரயிலும் இந்நகரிலேயே ஓடியது. அன்றைய விக்டோரியா முனையத்திலிருந்து (இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) குர்லா வரை துறைமுகத் தடத்தில் அது இயக்கப்பட்டது.

இன்று இச்சேவையில் மூன்று முதன்மைத் தடங்கள் உள்ளன. சர்ச்கேட்டிலிருந்து விரார் வழியாக தஹாணு வரை செல்வது மேற்குத் தடம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து தானே, கல்யாண் வழியாக கசாரா, கர்ஜத், கோபோலி பக்கம் செல்வது மத்தியத் தடம். அதே முனையத்திலிருந்து நவி மும்பை வழியாக பன்வேல் செல்வது துறைமுகத் தடம். மேற்குத் தடத்தை மேற்கு ரயில்வேயும் மற்றவற்றை மத்திய ரயில்வேயும் நடத்துகின்றன. நாளொன்றுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வண்டிகள் ஓடுகின்றன. எழுபது லட்சம் என்ற அளவில் பயணங்கள் நடைபெறுகின்றன.

மும்பை நகரம் தெற்கு வடக்காக நீண்ட ஒரு குறுகிய நிலப்பகுதி. நெடுங்காலம் அலுவலகங்கள் தெற்கு முனையிலேயே குவிந்திருந்தன. வீட்டு வாடகை தெற்கில் அதிகம். வடக்கே செல்லச் செல்லக் குறையும். எனவே சம்பளம் குறைந்தவர்கள் தொலைவில் குடியிருந்து, காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் ஒரே நேரத்தில் பயணம் செய்கின்றனர். குறைந்த வருவாய் உடையவரே நீண்ட நேரம் நிற்க வேண்டியவர் என்பது இந்த நகர அமைப்பிலேயே அடங்கியுள்ளது.

நெரிசலின் அளவு

ஒன்பது பெட்டிகள் கொண்ட வண்டியின் கொள்ளளவு சுமார் 1,700 பேர். நெரிசல் நேரத்தில் அதில் 4,500 பேர் வரை பயணம் செய்துள்ளனர். நிற்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் வரை நிற்கும் இந்நிலையைக் குறிப்பதற்கென்றே ரயில்வே ஒரு தனிச்சொல்லை உருவாக்க வேண்டியதாயிற்று. தமிழில் அதை ‘மிகை அடர் நெரிசல்’ எனலாம்.

இந்த எண்ணின் பொருளை உணர ஓர் எளிய செய்முறை உண்டு. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட சதுரத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரையுங்கள். அதற்குள் வளர்ந்தவர்களை ஒவ்வொருவராக நிற்கச் சொல்லுங்கள். நான்கு பேர் வரை இயல்பாக நிற்கலாம். ஆறு பேருக்கு மேல் தோள்கள் இடிக்கும். பத்தைத் தாண்டினால் கையைத் தூக்க முடியாது. பதினான்கு பேர் அதற்குள் நிற்க வேண்டுமானால், ஒருவர் மார்பும் மற்றவர் முதுகும் அழுந்தி, பாதம் தரையில் முழுதாகப் படாத நிலையில்தான் நிற்க முடியும். இந்த நிலையில் ஒரு மணி நேரம் பயணம் செய்து அலுவலகத்தை அடைந்து, அங்கு ஒரு நாள் வேலையைத் தொடங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நெரிசலால் மக்களிடையே சில பழக்கங்களும் தோன்றியுள்ளன. மூவர் அமரும் இருக்கையில் நான்காவதாக ஒருவர் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். ‘நான்காவது சீட்டு’ என்பது அங்கு எழுதப்படாத உரிமை. தெற்கே செல்ல வேண்டியவர் முதலில் வடக்கே செல்லும் வண்டியில் ஏறி, அது புறப்படும் நிலையத்துக்கே சென்று, இருக்கையை விட்டு எழாமல் அதே வண்டியில் திரும்பி வருவார். உட்கார ஓர் இடம் கிடைப்பதற்காக அவர் நாள்தோறும் அரை மணி நேரத்தை விலையாகக் கொடுக்கிறார்.

ஒரு வண்டி பிரிக்கப்படும் முறை

இன்று ஓடும் வண்டிகளுள் பெரும்பாலானவை 12 பெட்டிகள் கொண்டவை. சில 15 பெட்டிகள் கொண்டவை. வெளியிலிருந்து பார்க்க எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளே பல அறைகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. பொது இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, பெண்கள் இரண்டாம் வகுப்பு, பெண்கள் முதல் வகுப்பு, மாற்றுத்திறனாளிகள் அறை, வியாபாரிகளின் சுமைகளுக்கான சரக்கு அறை என்பன அவை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வகை அறைகள் தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருப்பதும் உண்டு. சில தடுப்புகள் கம்பிவலை போன்றவை. ஒரு பக்கத்து நெரிசலில் நிற்பவர் மறுபக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

குளிர்சாதனம் இல்லாத வண்டிகளில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குச் செல்ல உள்வழி கிடையாது. நிலையத்தில் வண்டி அரை நிமிடம்கூட நிற்காது. எனவே தமக்குரிய அறை எங்கே வந்து நிற்கும் என்பதை அறிந்து, அந்த இடத்தில் முன்னரே நிற்க வேண்டும். நடைமேடைத் தூண்களில் சாய்கோடுகள் வரைந்து இதைக் காட்டுவர். ஊருக்குப் புதியவர் இது தெரியாமல் ஓடி, கிடைத்த கதவில் ஏறி, பிறகு அபராதமோ வசவோ பெறுவது வழக்கம்.

மூடப்படும் மூன்று வழிகள்

ஒரு பெட்டி ஒருவருக்கு மூன்று வழிகளில் மூடப்படுகிறது. முதலாவது விதி, இரண்டாவது விலை, மூன்றாவது சக பயணி.

*விதியால் மூடுதல்.* பெண்கள் பெட்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நெரிசலில் சிக்கிய ஆண் பயணி ஒருவருக்குப் பெண்கள் அறையில் கொஞ்சம் இடம் தெரிந்தால் எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் ஒரு சதுர மீட்டருக்குப் பதினான்கு பேர் நிற்கும் இடத்தில் ஒரு பெண் எவ்வாறு பயணம் செய்வார் என்று கேட்டால், அந்த அறையின் தேவை விளங்கும். அந்த அறை இல்லாவிட்டால் பல பெண்கள் வேலைக்கே சென்றிருக்க மாட்டார்கள். 1992 மே மாதத்தில் மேற்கு ரயில்வே, சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே முழுவதும் பெண்களுக்கான தனி வண்டியை இயக்கியது. மாலை வேளையில் பெண்கள் அறைகளும் நிரம்பி வழிகின்றன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் அறையும் இத்தகையதே. புற்றுநோயாளிகளும் கர்ப்பிணிப் பெண்களும் இதில் பயணம் செய்யலாம். மும்பையில் புற்றுநோய் சிகிச்சைக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்து மக்கள் வருகின்றனர். அவர்களுள் பலர் மருத்துவமனைக்குச் செல்ல இந்த அறையையே நம்பியுள்ளனர். உடல்நலம் உள்ளவர்கள் நெரிசல் தாங்காமல் இதில் ஏறிக்கொள்வது நாள்தோறும் நடக்கிறது. அவர்களுக்கு அது ஒரு வசதி. நோயாளிக்கோ அன்றைய சிகிச்சையே தவறிப்போகும்.

சரக்கு அறை சற்று வேறுபட்டது. மீன், காய்கறி, பூ, பால் பாத்திரம், உணவுக் கூடை முதலியவற்றைச் சுமந்து செல்லும் சிறு வியாபாரிகளுக்காக இது ஒதுக்கப்பட்டது. நகரின் சாலைப் போக்குவரத்து மாறியபின் எல்லா நேரத்திலும் அந்த அளவு சரக்கு வருவதில்லை. சுமை இல்லாத பயணிகளே பெரிதும் ஏறுகின்றனர். முதியவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதன்பின் சரக்கு அறைகளுள் ஒன்றை மூத்த குடிமக்களுக்கென மாற்றும் பணியை மத்திய ரயில்வே 2025-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் பொருத்தமாக இருந்த ஒதுக்கீடு பின்னொரு காலத்தில் பொருத்தமற்றுப் போகலாம். அப்போது அதை மாற்றி அமைப்பதே முறை என்பதற்கு இது நல்ல சான்று.

*விலையால் மூடுதல்.* முதல் வகுப்பு அறையில் மின்விசிறியும் கதவும் இரண்டாம் வகுப்பில் உள்ளவைபோன்றவையே. இருக்கை சற்று மெத்தென்றிருக்கும். கட்டணமோ பல மடங்கு. அந்தப் பணம் இருக்கைக்காகக் கொடுக்கப்படுவதன்று; கூட்டம் குறைவாக இருப்பதற்காகக் கொடுக்கப்படுவது. நெரிசல் நேரத்தில் முதல் வகுப்பும் நிரம்பிவிடும். எனினும் இரண்டாம் வகுப்பின் அளவுக்கு அல்ல. 2022 மே 5 முதல் முதல் வகுப்பு மற்றும் குளிர்சாதன வண்டிகளின் ஒருவழிப் பயணக் கட்டணம் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது. குளிர்சாதன வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் அப்போது 65 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால், குறைத்த பின்னும் இருந்த இடைவெளி தெரியும்.

*சக பயணியால் மூடுதல்.* இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாதது. ஆனால் எல்லாரும் அறிந்தது. நாள்தோறும் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் செல்பவர்கள் குழுவாகச் சேர்ந்துகொள்வர். அவர்கள் பஜனை பாடுவதும், பண்டிகை நாளில் பெட்டியை மாலையால் அலங்கரிப்பதும், சிற்றுண்டியைப் பகிர்ந்துகொள்வதும் மும்பை வாழ்வின் இனிய பக்கங்கள். அதே குழு கதவை அடைத்துக்கொண்டு மற்றவர்களை ஏறவோ இறங்கவோ விடாமல் தடுப்பது அதன் கசப்பான பக்கம். விரார் செல்லும் விரைவு வண்டியில் போரிவலியில் இறங்க வேண்டிய ஒருவர் ஏறினால், “உனக்கென்று வேறு வண்டிகள் இருக்கும்போது இதில் ஏன் ஏறினாய்?” என்று கேட்டு, அவரை இறங்கவிடாமல் விரார் வரை கொண்டுபோவது உண்டு. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் விராருக்குச் செல்பவருக்கு வண்டிகள் குறைவு, போரிவலிக்கு மிகுதி. இருப்பதைக் காத்துக்கொள்ளும் முயற்சியே இந்தக் கடுமை. பற்றாக்குறை மிகும்போது, நேற்று வரை தள்ளப்பட்டவரே இன்று பிறரைத் தள்ளுபவராக மாறுகிறார்.

குளிர்சாதன வண்டியும் 2022 ஆகஸ்ட் போராட்டமும்

மும்பையில் முதல் குளிர்சாதன மின்சார ரயில் 2017 டிசம்பர் 25 அன்று போரிவலியிலிருந்து சர்ச்கேட்டுக்கு ஓடியது. இவ்வண்டி சென்னை பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 2020 ஜனவரியில் மத்திய ரயில்வேயும் தன் முதல் குளிர்சாதன வண்டியைத் தொடங்கியது. இவற்றின் கதவுகள் தானாக மூடிக்கொள்பவை. உள்ளே வெக்கை இல்லை; யாரும் வெளியே தொங்க முடியாது; மழைக்காலத்தில் சாரல் அடிக்காது. பயணியின் பாதுகாப்பு என்ற அளவில் இது ஐயத்துக்கு இடமின்றி முன்னேற்றமே.

அப்படியானால் மக்கள் ஏன் இதனை எதிர்த்தார்கள்? இதற்கு விடை காண ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

ஒரு நிலையத்தில் காலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது என்று கொள்வோம். ஒவ்வோர் ஐந்து நிமிடத்திலும் 600 பேர் நடைமேடைக்கு வருகிறார்கள். ஒவ்வொரு வண்டியிலும் 600 பேர் ஏறுகிறார்கள். கூட்டம் இருந்தாலும் யாரும் தங்கிவிடுவதில்லை. இப்போது அவ்வண்டிகளுள் ஒன்றை எடுத்துவிட்டு, அதே நேரத்தில் குளிர்சாதன வண்டியை விடுகிறார்கள். அந்த 600 பேரில் 100 பேரிடம் அதற்குரிய சீட்டு இருக்கிறது. அவர்கள் ஏறிச் செல்வார்கள். மற்ற 500 பேர் நடைமேடையிலேயே நிற்பார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் மேலும் 600 பேர் வருவார்கள். 600 பேர் ஏற வேண்டிய சாதாரண வண்டிக்கு இப்போது 1,100 பேர் காத்திருக்கிறார்கள். அவ்வண்டியும் முந்தைய நிலையங்களில் இதே காரணத்தால் நிரம்பி வந்திருக்கும்.

குளிர்சாதன வண்டியின் கொள்ளளவு எழுத்தில் குறைந்ததன்று. எனினும் கட்டணம் ஒரு வாயிலாகவும் தானியங்கிக் கதவு மற்றொரு வாயிலாகவும் நிற்கின்றன. கூடுதலாக ஒரு வண்டி விட்டால் அது எல்லாருக்கும் நன்மை. இருந்த வண்டியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் விட்டால், சிலருடைய வசதிக்கான விலையைப் பின்னால் வரும் வண்டியில் தொங்குபவர்கள் செலுத்துகிறார்கள்.

2022-இல் நடந்தது இதுவே. தானேக்கும் திவாவுக்கும் இடையே புதிதாக அமைக்கப்பட்ட ஐந்தாவது, ஆறாவது தண்டவாளங்கள் அவ்வாண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டன. அதனால் அறிவிக்கப்பட்ட 36 புதிய சேவைகளுள் பெரும்பாலானவை குளிர்சாதன வண்டிகளாக அமைந்தன. பின்னர் ஆகஸ்ட் 19 முதல், ஏற்கெனவே ஓடிவந்த 10 சாதாரண சேவைகளையும் மத்திய ரயில்வே குளிர்சாதன வண்டிகளாக மாற்றியது. கல்வாவிலும் பத்லாப்பூரிலும் பயணிகள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். தங்களுக்குரிய வண்டி நேரத்தில் வேறு வண்டி வந்து நின்று, தாங்கள் ஏற முடியாமல் புறப்பட்டுச் சென்றதே அவர்களின் சினத்துக்குக் காரணம். ஒரு வாரம் முடிவதற்குள், ஆகஸ்ட் 25 முதல், அந்தப் பத்துச் சேவைகளும் மீண்டும் சாதாரண வண்டிகளாயின.

போராடியவர்கள் குளிர்சாதனத்தை வெறுத்தவர்கள் அல்லர். மும்பையின் மே மாத வெயிலில் அதை விரும்பாதவர் யாரும் இல்லை. பருவச்சீட்டை நம்பி மாதச் செலவைத் திட்டமிடும் குடும்பம், அந்தச் செலவு பல மடங்காவதைத் தாங்க முடியாது என்பதே அவர்கள் சொன்னது.

கதவு: மூடினால் மூச்சு, திறந்தால் உயிர்

சாதாரண வண்டிகளில் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும். காற்று வருவதற்கு அதுவே முதன்மை வழி. ஏறவும் இறங்கவும் நொடிகளே இருப்பதால், ஓடும்போதே குதித்து ஏறுவதும் பழகிவிட்டது. உள்ளே செல்ல முடியாதவர்கள் வாயிலில் ஒரு காலும் ஒரு கையும் வைத்துத் தொங்குகிறார்கள். இப்புறநகர்த் தடங்களில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். தண்டவாளத்தைக் கடக்கும்போது இறப்பவர்கள் முதலிடத்திலும், ஓடும் வண்டியிலிருந்து விழுந்து இறப்பவர்கள் அடுத்த இடத்திலும் உள்ளனர்.

2025 ஜூன் 9 அன்று காலை, திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் இடையே எதிரெதிராகச் சென்ற இரு வண்டிகளின் வாயில்களில் தொங்கியவர்கள் கீழே விழுந்தனர். அன்றே நான்கு பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். அன்று திங்கட்கிழமை, அலுவலகம் செல்லும் நேரம். அவர்கள் விளையாட்டுக்காகத் தொங்கியவர்கள் என்று கூறுவதற்கில்லை.

இந்நிகழ்வுக்குப் பின், புதிய வண்டிகள் அனைத்திலும் தானியங்கிக் கதவுகள் அமையும் என்று ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. குளிர்சாதனம் இல்லாத வண்டியில் கதவை மூடினால் உள்ளிருப்பவர்களுக்கு மூச்சுத் திணறும் என்பதே அதுவரை சொல்லப்பட்ட தடை. அதற்கு மாற்றாக மூன்று ஏற்பாடுகள் முன்வைக்கப்பட்டன. முதலாவது, காற்றுப் புகும்படி சாய்தகடுகள் பொருத்திய கதவு. இரண்டாவது, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் கூரைக் கருவிகள். மூன்றாவது, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் இணைப்புவழி. மூன்றாவது ஏற்பாடு நம் பொருளுக்கு மிக முக்கியமானது. ஒரு பெட்டியில் குவியும் கூட்டம் மற்றப் பெட்டிகளுக்குப் பரவ அது வழிசெய்யும்.

ஆனால் தானியங்கிக் கதவு கூட்டத்தைக் குறைக்காது. தொங்குவதை மட்டுமே நிறுத்தும். தொங்கிச் சென்றவர்கள் நடைமேடையில் தங்கிவிடுவார்கள். கூட்டம் அழுத்தினால் கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் வண்டி புறப்படாது. பின்னால் வரும் வண்டிகளும் தாமதமாகும். குளிர்சாதன வண்டிகளில் இது பலமுறை கண்ட அனுபவம். எனவே கதவும் கூடுதல் வண்டியும் சேர்ந்தே வர வேண்டும்.

வண்டிகளை ஏன் எளிதில் கூட்ட முடியவில்லை?

இதற்குப் பல காரணங்கள் உள்ளன. நெரிசல் நேரத்தில் ஒரு தண்டவாளத்தில் ஏறத்தாழ மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஏற்கெனவே ஓடுகிறது. இப்போதுள்ள சைகை முறையில் அந்த இடைவெளியை மேலும் குறைப்பது கடினம். நெடுந்தொலைவு விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் சில பகுதிகளில் இதே தண்டவாளங்களைப் பயன்படுத்துகின்றன. முனைய நிலையங்களில் வண்டி வந்து திரும்ப நேரம் வேண்டும். புதிய தண்டவாளம் போட, இருபுறமும் நெருங்கியுள்ள குடியிருப்புகளை அகற்றி மறுவாழ்வு அளிக்க வேண்டும்.

தண்டவாளத்தைக் கூட்டாமலே இடத்தைக் கூட்டும் ஒரு வழி உண்டு. 12 பெட்டி வண்டியை 15 பெட்டியாக்கினால், அதே நேரத்தில், அதே தடத்தில் 25 விழுக்காடு கூடுதல் இடம் கிடைக்கும். இதற்கு நடைமேடைகளை நீட்ட வேண்டும். முனையங்களையும் பணிமனைகளையும் மாற்றியமைக்க வேண்டும். இப்பணிகள் படிப்படியாக நடைபெற்று வருகின்றன. மும்பை ரயில் விகாஸ் கழகம் 1999-இல் நிறுவப்பட்டு, இத்தகைய விரிவாக்கங்களை மேற்கொண்டு வருகிறது. அதன் திட்டங்களின்கீழ் 238 குளிர்சாதன வண்டிகள் வாங்க ஒப்புதல் தரப்பட்டுள்ளது. அவை சாதாரண வண்டிகளின் இடத்தைப் பிடிக்கும்போது கட்டணம் என்னவாக இருக்கும் என்பதே பயணிகள் இப்போது கேட்கும் கேள்வி.

ஓர் ஒதுக்கீட்டை மதிப்பிடும் முறை

நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பறையில் பத்துப் பெஞ்சுகள் இருக்கின்றன. ஒரு பெஞ்சைக் கண்பார்வை குறைந்த மாணவர்களுக்காக முன்வரிசையில் ஒதுக்கினால் யாரும் குறை சொல்வதில்லை. அதே பெஞ்சைக் கூடுதல் கட்டணம் கொடுத்தவருக்கு என ஒதுக்கினால் வகுப்பு ஏற்காது. இரண்டு முறையிலும் மற்றவர்கள் நெருங்கித்தான் உட்கார வேண்டும். நெருக்கம் ஒன்றே, நியாயம் வேறு. ரயில் பெட்டிக்கும் இது பொருந்தும். எந்த ஒதுக்கீட்டைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

1. இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் யாராவது பயணமே செய்ய முடியாமல் போவார்களா? ஆம் என்றால் அது பூட்டு அன்று, திறப்பு. பெண்கள் அறையும் மாற்றுத்திறனாளிகள் அறையும் இவ்வகை.

2. இது கூடுதலாகச் சேர்க்கப்பட்டதா, இருந்ததை எடுத்துவிட்டு வைக்கப்பட்டதா? குளிர்சாதன வண்டி பற்றிய சினம் இக்கேள்வியில்தான் தொடங்கியது.

3. ஒதுக்கிய காலத்துத் தேவை இன்றும் இருக்கிறதா? சரக்கு அறையை மூத்த குடிமக்களுக்கு மாற்றியது இக்கேள்விக்கு நேர்மையாகச் சொல்லப்பட்ட விடை.

தமிழ்நாட்டுக்கு இதில் உள்ள பாடம்

தாராவி, மாட்டுங்கா, சயான் முதல் டோம்பிவிலி, கல்யாண் வரை பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்து வருகின்றனர். மேலே கூறிய நெரிசல் அவர்களுக்கும் அன்றாட அனுபவம்.

சென்னைப் புறநகர் மின்சார ரயில்களிலும் முதல் வகுப்பும் பெண்கள் பெட்டிகளும் உண்டு. கூட்டம் மும்பை அளவுக்கு இல்லை. ஆனால் ஆபத்து அதே வகைதான். 2018 ஜூலை 24 அன்று, பரங்கிமலை நிலையத்தில் படிக்கட்டில் தொங்கிச் சென்ற பயணிகள் தண்டவாளத்தை ஒட்டிய சுவரில் மோதி உயிரிழந்தனர். 2025 ஏப்ரல் 19 அன்று சென்னைக் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே முதல் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். இனி மேலும் இத்தகைய வண்டிகள் வரும். வரவேற்க வேண்டியவையே. ஒவ்வொன்றும் வரும்போது, “இது எந்த வண்டியின் நேரத்தில் ஓடுகிறது? அந்த வண்டியில் சென்றவர்கள் இப்போது எதில் செல்கிறார்கள்?” என்று கேட்க நாம் பழக வேண்டும்.

நெரிசலில் தொங்குபவரைப் பார்த்து, “அடுத்த வண்டியில் வந்தால் என்ன?” என்று கேட்பது எளிது. அடுத்த வண்டியும் அப்படியேதான் வரும் என்பதும், அரை மணி தாமதமானால் அரை நாள் சம்பளம் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்கு ஒழுங்கைப் போதிப்பதற்கு முன், உள்ளே அவர் நிற்க இடம் இருந்ததா என்று பார்ப்பதே முதல் வேலை.